ஆறு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் கம்ப்யூட்டர்: இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். கம்ப்யூட்டருக்கும் அந்தக் கணக்கு பொருந்தத்தான் செய்கிறது. புது மெஷின் வந்த வாரத்தில் எழுதினால் கண்ணாடிக்குள் எரியும் லைட்டைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். அதனால் இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

நான் திருச்சியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். தில்லை நகரில் மாடியில் ஒரு ரூம், ஒரு உதவியாளர், முகூர்த்த சீசனில் கூடுதலாக ஒரு பையன். எப்போதாவது நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் வரும். பழைய மெஷின் எட்டு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 32 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 2023 ஆவணி சீசனில் அது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரிசப்ஷன் மேடையில் ஊதா, பச்சை என்று லைட் போட்டு மாப்பிள்ளை முகத்தையே இருட்டாக்கி வைத்திருப்பார்கள், அந்தக் காட்சிக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் படத்தின் புள்ளிப் பிசிறைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் கிராபிக்ஸ் மெமரி நிரம்பிவிட்டது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்தப் பெட்டியை மூடி மூடிச் சலித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

2024 தை மாசம் வாங்கியது இது: ஏஎம்டி த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ் பிராசசர், 24 கோர், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதால் 48 த்ரெட். அதற்கான டிஆர்எக்ஸ்50 மதர்போர்டு. 128 ஜிபி டிடிஆர்5 ராம். ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு, 24 ஜிபி. பிராசசர் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே, கார்டு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம், போர்டு 85 ஆயிரம், ராம் 70 ஆயிரம், அப்புறம் எஸ்எஸ்டி, 1200 வாட் பவர் சப்ளை, கேபினெட், தண்ணீர் கூலர், விண்டோஸ், அது இது என்று 6 லட்சத்து 30 ஆயிரத்தில் நின்றது. மானிட்டர் இதில் சேராது. வீட்டில் சொன்ன தொகை வேறு.

வாங்கியது சென்னை ரிட்சி தெருவில் ஒரு கடை. அங்கேயே அசெம்பிள் செய்து, ஓட்டிக் காட்டி, கார்டை மட்டும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுத் தந்தார்கள். இது முக்கியம். இந்த வகை கார்டு இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், போர்டில் மாட்டியபடியே லாரி பார்சலில் அனுப்பினால் குலுங்கிக் குலுங்கி கார்டில் விரிசல் விழும், இல்லையென்றால் ஸ்லாட் பிய்ந்துவிடும். கேபினெட்டை பார்சலில் போட்டுவிட்டு, கார்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

வந்ததும் மாட்டி, சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஒன்றுமில்லை. அணைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் கறுப்பு. வியர்த்துவிட்டது. கடைக்குப் போன் போட்டால், “சார், அணைக்காதீங்க, டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். உண்மைதான். இந்த போர்டுகள் முதல் தடவை, அல்லது ராமைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு ராமோடும் எந்த வேகத்தில் பேசலாம் என்று தானே சோதித்துப் பழகும், அதற்குப் பல நிமிஷம் பிடிக்கும். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் மூன்று தடவை அணைத்திருந்தேன். நான்காவது தடவை டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தபோது திரையில் படம் இருந்தது.

அதே கடைக்காரர் செய்த இன்னொரு வேலை எனக்குத் தெரிய இரண்டு மாசம் ஆனது. 128 ஜிபியை நான்கு 32 ஆகப் போடாமல் இரண்டு 64 ஆகப் போட்டிருந்தார். “பின்னாடி கூட்டிக்கலாம் சார்” என்பது அவர் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்த போர்டுக்கு அது தப்பு. இந்த பிராசசருக்கு ராமோடு பேச நான்கு வழி உண்டு. 5200 வேகத்தில் ஒரு வழிக்கு நொடிக்கு 41.6 ஜிபி, நான்கும் சேர்ந்தால் 166 ஜிபி. இரண்டு ராம் மட்டும் போட்டால் பாதி வழி பூட்டிக் கிடக்கும். நாலு வழிச் சாலைக்கு டோல் கட்டிவிட்டு சர்வீஸ் ரோட்டில் போன கதை. மாற்றித் தரச் சொன்னதற்கு, பயன்படுத்திய ராம் என்று விலையில் வெட்டு வைத்தார், அதில் எனக்கு ஒன்பதாயிரம் போனது. இன்னொன்று, இதற்கு சாதாரண டெஸ்க்டாப் ராம் பொருந்தாது, சர்வர்களில் போடும் ஆர்டிம் வகைதான் வேண்டும். பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், திருச்சியில் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இவ்வளவு கொட்டி வாங்கினேனே, இதை வைத்து உண்மையில் நான் என்ன செய்கிறேன்? எது எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸில் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், த்ரெட்டுக்கு ஒன்றாக 48 சின்னக் கட்டங்கள் வரும். முதல் வாரம் அதை ஒரு மானிட்டரில் திறந்தே வைத்திருந்தேன், கொலு மாதிரி. பகல் முழுக்க நான் பார்த்தது என்னவென்றால், இரண்டு மூன்று கட்டம் மட்டும் ஏறி இறங்கும், மற்றதெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும். எடிட்டிங் என்பது பெரும்பாலும் பார்ப்பது, வெட்டுவது, நகர்த்துவது, பாட்டுக்குத் தாளம் பார்ப்பது, யோசிப்பது. அதற்கு 24 கோர் எதற்கு? பெண்ணோட அத்தை போன் செய்து “எங்க வீட்டுக்காரர் ஒரு இடத்துலயும் வரலையே” என்று சொல்லும் நேரத்தில் ஒரு கோர்கூட வேலை செய்யவில்லை.

சீறியது எதுவென்றால் கிராபிக்ஸ் கார்டு. நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆளை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்கும் மேஜிக் மாஸ்க், கலர் கிரேடிங் எல்லாமே ரிசால்வில் கார்டின் தலையில்தான். 24 ஜிபி இருப்பதால் மெமரி நிரம்பியது என்ற அந்தப் பெட்டியை இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இதற்கு மட்டும் தனியாக மார்க் போடச் சொன்னால் பத்துக்குப் பத்து.

ராமும் வீணில்லை, ஆனால் அதை உணர்ந்தது கல்யாண வேலையில் அல்ல, விளம்பர வேலையில். எழுத்து, படம் எல்லாவற்றையும் அசைய வைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் ப்ரீவ்யூ காட்டும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரித்து அப்படியே ராமில் வைக்கும். 4கே-யில் 16 பிட் ஃப்ரேம் ஒன்று 66 எம்பி, நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒன்றரை ஜிபிக்கு மேல். ஒரு நிமிஷ விளம்பரத்தை முழுசாக ஓட்டிப் பார்க்க 100 ஜிபி காலி. பழைய 32 ஜிபியில் பத்துப் பதினைந்து நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி காத்திருந்து பார்த்தவனுக்குத்தான் இந்தச் சுகம் தெரியும்.

இப்போது அவமானத்தைச் சொல்கிறேன்.

மாசி மாதம் முதல் பெரிய கல்யாணம். சோனி ஏ7எஸ் 3 கேமராவில் எடுத்தது, எச்.265, 10 பிட், 4:2:2. டைம்லைனில் போட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் திக்குகிறது. கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளை கை இன்னும் தாலிக்குப் போகவில்லை. இரண்டு கேமராவை அடுத்தடுத்து வைத்தால் ஸ்லைடு ஷோ. டிரைவர் மாற்றினேன், ரிசால்வை அழித்து மறுபடி போட்டேன், எஸ்எஸ்டி மேல் சந்தேகப்பட்டேன். என் உதவியாளர் பக்கத்தில் அவனுடைய லேப்டாப்பை வைத்திருந்தான், இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5, அறுபதாயிரம் ரூபாய். “அண்ணே, இதுல போட்டுப் பாக்கவா?” என்றான். அதே ஃபைல் அதில் வெண்ணெய் மாதிரி ஓடியது. நான் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

காரணம் இதுதான். எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை, அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. அங்கங்கே ஒரு முழு ஃப்ரேம், இடையில் இருப்பதெல்லாம் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நடுவில் ஒரு ஃப்ரேமைக் காட்ட வேண்டுமென்றால் சுற்றியிருப்பதையெல்லாம் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். இந்த வேலைக்கென்றே கிராபிக்ஸ் சிப்பில் ஒரு சின்ன மூலை தனியாக இருக்கும். 4:2:2 என்பது நிறத்தின் கணக்கு: வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்டு, நிறம் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்கு ஒன்று. சாதாரண 4:2:0-வில் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறம். பட்டுப்புடவை ஜரிகை ஓரம், அரக்குச் சிவப்பு, இதெல்லாம் கிரேடிங்கில் பிசிறாமல் வர 4:2:2 நல்லது, அதனால்தான் அதில் எடுக்கிறோம். 4090-இன் அந்த மூலைக்கு எச்.265-ல் 4:2:0 தெரியும், 4:4:4 தெரியும், நடுவில் இருக்கும் 4:2:2 மட்டும் தெரியாது. த்ரெட்ரிப்பரிலோ கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. ஆக மொத்தப் பாரமும் 24 கோர் மேல் விழுந்து, அவை முக்கி முனகி மென்பொருள் வழியாகப் பிரிக்கின்றன. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்தே சாதாரண லேப்டாப் சிப்பிலும் இதற்கு வழி இருக்கிறது. யார் மேலும் குறை சொல்ல முடியாது, எந்தக் கார்டு எதைப் பிரிக்கும் என்ற அட்டவணை எல்லோரும் பார்க்கும்படிதான் இருக்கிறது. ஆறு லட்சம் செலவழித்தவன் அதைப் படிக்கவில்லை.

முதல் சில மாசம் ராத்திரி எல்லா ஃபைலையும், ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாக வைக்கும் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆக மாற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த மாற்றும் வேலையில்தான் முதன்முதலாக 48 கட்டமும் நிரம்பியதைப் பார்த்தேன், ஒரு திருப்தி. ஆனால் ஃபைல் பல மடங்கு ஊதிவிடும். ஏற்கெனவே அந்தக் கேமரா 4கே 50 ஃப்ரேமில் நொடிக்கு 200 மெகாபிட் எழுதினால் மணிக்கு 90 ஜிபி. நான்கு கேமரா, ஆளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 1.8 டிபி. அதைப் பல மடங்காக்கி எங்கே வைப்பது?

கடைசியில் தீர்த்து வைத்தது ஒரு 13 ஆயிரம் ரூபாய் கார்டு. இன்டெல் ஆர்க் ஏ380. விளையாட்டுக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத கார்டு, 75 வாட். ஆனால் அதற்குள் 4:2:2 தெரிந்த அந்த மூலை இருக்கிறது. இந்த போர்டில் ஸ்லாட்டுக்கும், கார்டுகளோடு பிராசசர் பேசும் வழியான லேனுக்கும் பஞ்சமே இல்லை, 4090 மூன்று இடத்தை அடைத்துக்கொண்ட பிறகும் இதற்கு இடம் இருந்தது. மாட்டி, டிரைவர் போட்டு, ரிசால்வ் செட்டிங்கில் வீடியோ பிரிக்கும் வேலைக்கு இன்டெல் என்பதை டிக் செய்தேன். நான்கு கேமரா ஒன்றாக ஓடியது. பெரிய கார்டு நிறத்தைப் பார்த்துக்கொள்கிறது, சின்னது ஃபைலைப் பிரித்துக் கொடுக்கிறது. இந்த மெஷினில் போட்ட காசில் ரூபாய்க்கு ரூபாய் வேலை செய்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இப்போது வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி வேண்டாம், 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 4:2:2 உள்ளேயே இருக்கிறது.

அப்புறம் என் மைத்துனர். இன்டீரியர் டிசைன் செய்கிறார், வீட்டுக்குள் சோஃபா எங்கே, அலமாரி எங்கே என்று முப்பரிமாணத்தில் படம் போட்டுக் காட்டுவார். “மாமா, ராத்திரி சும்மாத்தானே இருக்கு” என்று ஆரம்பித்தார். இப்போது நேர்மையாகச் சொன்னால் இந்த மெஷினின் முழு உழைப்பையும் வாங்குவது அவர்தான். ஸ்கெட்ச்அப்பிலோ ஆட்டோகேடிலோ வரையும்போது அவருக்கும் என் கதைதான், அவை பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுபவை, நல்ல ஐ5-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கொண்டுபோய் ரெண்டர், அதாவது வரைந்ததை நிஜம் போன்ற படமாக்கும் வேலை, கொடுத்தால் 4090 எழுந்து நிற்கும். வீட்டைச் சுற்றி நடந்து போகிற மாதிரி ஒரு நிமிஷ வீடியோ என்றால் 1,500 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 20 நொடி வைத்தாலும் எட்டு மணி நேரம் தாண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கொடுத்துவிட்டுப் போனால் காலை டிபனுக்கு முடிந்திருக்கும். ஒரே நிபந்தனை, காட்சி முழுதும் கார்டின் 24 ஜிபிக்குள் அடங்க வேண்டும். ஒரு தடவை தோட்டத்துக்கு இலை இலையாக மரங்களைக் கொட்டி வைத்தார், மெமரி தாண்டி ஆமையாகிவிட்டது. பாதி மரத்தை வெட்டிய பிறகுதான் நகர்ந்தது.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, எனக்கு வேலை குறைவு. அந்த இரண்டு மாசமும் மெஷின் கிட்டத்தட்ட அவருடையது. நான் மட்டும் வைத்திருந்தால் இவ்வளவு பெரிய பிராசசர் வாங்கியது மடத்தனம் என்று எப்போதோ ஒத்துக்கொண்டிருப்பேன்.

கரண்ட் விஷயம். பிராசசர் 350 வாட், கார்டு 450 வாட், இரண்டும் முழுசாக ஓடினால் 800. பத்து மணி நேர ரெண்டருக்கு எட்டு யூனிட். அது மட்டுமில்லை, அந்த 800 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் ரூமில் இறங்குகிறது. ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய சூடு சுமார் 3,500 வாட், அதில் கால்வாசிக்கு நெருக்கமாக இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். சித்திரையில் மத்தியானம் ரெண்டர் போட்டால் ஏசி 24-ல் வைத்தும் சட்டை முதுகில் ஒட்டும். அதனால் எங்கள் சட்டம், மார்ச் முதல் ஜூன் வரை பகலில் ரெண்டர் கிடையாது.

யுபிஎஸ்ஸில் நான் கஞ்சத்தனம் செய்தேன். பழைய 1 கேவிஏ இருக்கிறதே என்று அதையே போட்டேன். 1 கேவிஏ என்று எழுதியிருந்தாலும் அது தந்தது 600 வாட்தான். கரண்ட் போன முதல் நாள் ஒரு ‘டக்’ சத்தம், எல்லாம் இருட்டு, மைத்துனருடைய ஆறு மணி நேர ரெண்டர் பாதியில் நின்றது. ஃப்ரேம் ஃப்ரேமாகச் சேமித்திருந்ததால் பிழைத்தார். அதன் பிறகு 2 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ், பேட்டரியோடு 35 ஆயிரம். பட்ஜெட் போடும்போதே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சத்தம் பரவாயில்லை, எடிட் செய்யும்போது கேட்காது, ரெண்டரில் மட்டும் டேபிள் ஃபேன் அளவு. தூசிதான் எமன். மாசம் ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றித் தட்ட வேண்டும், மறந்தால் சூடு ஏறுவது எண்ணிலேயே தெரியும். கிராபிக்ஸ் கார்டின் அந்த 16 பின் கேபிளைக் கடைசி வரை அழுத்திச் சொருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அரைகுறையாக நின்றால் சூடாகி உருகும், 4090 வந்த புதிதில் உலகம் முழுக்க இதே பேச்சாக இருந்தது.

என்னிடம் கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது: கல்யாண எடிட் மட்டும்தான் என்றால் இது வேண்டாம். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் இன்டெல் ஐ7, 64 ஜிபி ராம், 16 ஜிபி கார்டு என்று இரண்டு இரண்டரை லட்சத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்த மேக் மினி எம்4கூட 4:2:2 ஃபைலைத் திக்காமல் ஓட்டும், சின்ன வேலைக்கு அது போதும். ராத்திரி ரெண்டர் போட ஆள் இருக்கிறது, ஒன்றுக்கு மேல் கார்டு மாட்ட வேண்டும், 128 ஜிபிக்கு மேல் ராம் வேண்டும் என்றால் மட்டும் த்ரெட்ரிப்பர் பக்கம் வாருங்கள். 2025 ஜூலையில் 9960எக்ஸ் வந்துவிட்டது, அதுவும் 24 கோர்தான், அதே சாக்கெட், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தால் என் போர்டிலேயே உட்காரும். நான் மாற்றவில்லை. பகலில் தூங்குகிற கோரை இன்னும் வேகமான கோராக மாற்றி என்ன ஆகப்போகிறது? ராம் மட்டும் முதலிலேயே போதுமானதாக வாங்கிவிடுங்கள். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கு எல்லாம் அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, இப்போது நான்கு 32 ஜிபிக்கு விலை கேட்டபோது கடையில் சொன்ன தொகையைக் கேட்டு, அந்த ஒன்பதாயிரத்துக்காகச் சண்டை போட்டது எனக்கே சிரிப்பாக வந்தது.

மைத்துனர் வருகிற ஆடி முழுக்க மெஷின் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார், ஏதோ பெரிய அபார்ட்மென்ட் வேலையாம். தாராளமாக, ஈபி பில்லில் பாதி என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது.